மூன்றாவது மாடியும் ஒரு கண்மாய்க் கரையும்

நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொல்கிறேன், தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். மதுரையில் வாடகை வீடு, மூன்றாவது மாடி. அப்பா பக்கவாதத்தில் படுத்திருக்கிறார், அதனால் ஒரு ராத்திரிகூட வெளியூரில் தங்க முடியாது. உங்களுக்கென்று கிடைப்பது காலையில் அரைமணி, ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தால் இரண்டு மணி நேரம். நண்பர்கள் வால்பாறை, தட்டேக்காடு, பரத்பூர் என்று போய்ப் படம் போடுகிறார்கள். "காக்கா, மைனா, புறாவை விட்டால் எங்கள் பக்கம் என்ன இருக்கிறது? இங்கேயே இருந்துகொண்டு பறவை பார்க்க ஆரம்பிப்பதில் அர்த்தம் இருக்கிறதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். என்ன இருக்கிறது என்பதற்கு ஒரு பட்டியல் போட்டுவிட்டுப் போகலாம். ஆனால் நீங்கள் கேட்பது வேறு என்று எனக்குப் படுகிறது: போக முடியாதவன் மனசைத் தேற்றிக்கொள்ளச் செய்கிற காரியமா இது, இல்லை இதற்கென்று தனியாக ஒரு ருசி உண்டா? உண்டு. அது எப்போது பிடிபடும், எங்கே கைவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. கொஞ்சம் நீளும்.

முதலில் என்னைப் பற்றி, எவ்வளவு நம்பலாம் என்று நீங்களே முடிவு செய்துகொள்ள. விலங்கியல் படித்தவன் இல்லை. கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன். 1999 மார்கழியிலிருந்து மேலூர்ப் பக்கம் எங்கள் ஊர்க் கண்மாயில், ஒரே கரையில், பெரும்பாலும் ஒரே நேரத்தில் நின்று பார்த்து எழுதி வருகிறேன். எனக்குத் தெரிந்தது இந்த வறண்ட சமவெளி மட்டும்: கண்மாய், வயல், பாறைக்குன்று, பனை, ஊர். மலைக்காட்டுப் பறவைகளைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். காதும் பழுது. அறுபதைத் தாண்டியதும் உச்ச சுருதிச் சத்தங்கள் விழாமல் போயின. பூங்கொத்தி என்ற கட்டைவிரல் பருமன் பறவை தலைக்கு மேலே கத்தினால் பேரன் சொல்லித்தான் தெரியும்.

நானும் ஊர் ஊராகப் போக ஆசைப்பட்டவன்தான். இரண்டு வருஷம் சீட்டுக் கட்டி, வடக்கே பேர்பெற்ற ஒரு சரணாலயத்துக்கு ஒருமுறை போனேன். கூட்டிப்போனவருக்கு அவசரம், எனக்கும் கொடுத்த காசுக்குக் கணக்கு பார்க்கிற புத்தி. இரண்டரை நாளில் நூற்றுக்கு மேல் வகை. திரும்பி வந்த பிறகு பேரன் கேட்டான், "தாத்தா, அதெல்லாம் என்ன பண்ணிச்சு?" பதில் இல்லை. உட்கார்ந்திருந்தது, பறந்தது, பெயர் சொன்னார்கள், எழுதினேன். கல்யாண வீட்டில் நானூறு பேருக்கு வணக்கம் வைத்துவிட்டு வந்த மாதிரி. அந்தப் பயணத்தில் மனசில் நின்ற ஒரே காட்சி, நாங்கள் தங்கிய விடுதி வாசலில் ஒரு மைனா வண்டிக் கண்ணாடியில் தன்னையே கொத்திக்கொண்டிருந்தது. அதை இங்கேயே பார்த்திருக்கலாம்.

உங்கள் மாடிக்கு வருவோம். மூன்றாவது மாடி என்று சலித்துக்கொள்கிறீர்கள். அது உங்கள் சொத்து. தரையில் நிற்பவனுக்குத் தெரிவது பறவையின் வயிறுதான். உங்களுக்கு வேம்பின் உச்சி கண்மட்டத்தில் இருக்கிறது. பக்கத்தில் எங்காவது ஒரு பனை மிச்சம் இருந்தால் அதைச் சுற்றிப் பிறை வடிவில், சிறகு மெலிந்த சின்னப் பறவைகள் கிறீச்சிட்டுச் சுழல்வதைப் பாருங்கள். பனை உழவாரன். கம்பியில் உட்காராது, கிளையில் உட்காராது, தரைக்கு வராது. எச்சிலையே பசையாக்கிப் பனையோலையின் அடியில் இறகுகளை ஒட்டிக் கூடு வைக்கும், முட்டையையும் அதிலேயே ஒட்டிவிடும். ஓலை காற்றில் எவ்வளவு ஆடினாலும் முட்டை விழாது. தகைவிலான் என்று நினைத்து ஏமாறுவீர்கள். கம்பியில் வரிசையாக உட்கார்ந்தால் அது தகைவிலான், உட்காரவே இல்லையென்றால் உழவாரன். முதல் வாரத்துக்கு இந்த ஒரு பாடம் போதும்.

அடுத்து, நீங்கள் பட்டியலில் சேர்க்கக்கூட மறந்த தவிட்டுக்குருவி. ஏழெட்டாகத் தரையில் குதித்து, சருகைப் புரட்டி, ஓயாமல் பேசிக்கொண்டே போகும் அந்தப் புழுதி நிறக் கூட்டம். உலகத்தில் தென்னிந்தியாவையும் இலங்கையையும் விட்டால் இந்தப் பறவை வேறெங்கும் கிடையாது. ஒரு வருஷம் அரிட்டாபட்டிக்கு வழி கேட்டு வந்த வெளிநாட்டுத் தம்பதி, டீக்கடை வாசலில் இந்தக் கூட்டத்தைப் பார்த்ததும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். டீ ஆறிப் போனது. கடைக்காரருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, ஏனென்றால் அதுவரை நானும் அதை ஒழுங்காகப் பார்த்ததில்லை. பிறகு பார்த்தேன். எல்லாம் இரை தேடும்போது ஒன்று மட்டும் உயரத்தில் காவல் நிற்கும், கொஞ்ச நேரத்தில் ஆள் மாறும். ஒரு கூட்டில் குஞ்சு இருந்தால் பெற்றவை மட்டுமல்ல, கூட்டத்தில் மற்றவையும் இரை கொண்டுவந்து ஊட்டும். ராத்திரி ஒரே கிளையில் தோளோடு தோள் ஒட்டி வரிசையாகத் தூங்கும். ஓரத்தில் இருப்பது நடுவில் நுழையப் பார்க்கும், அப்போது ஒரு சண்டை. இவ்வளவையும் மூன்று நாள் பயணத்தில் பார்க்க முடியாது. ஒரே தெருவில் இருந்தால் ஆறு மாதத்தில் பார்த்துவிடலாம்.

குயில் கதையும் அப்படித்தான். மாசி கடைசியில் கூவத் தொடங்குவது கறுப்பு உடம்பும் சிவந்த கண்ணுமான ஆண். பெண் பழுப்பில் வெள்ளைப் புள்ளி போட்டது. இரண்டும் ஒரே பறவை என்று எங்கள் ஊரில் பாதிப் பேருக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். காக்கைக் கூட்டில் குயில் முட்டையிடும் என்பது சின்னப்பிள்ளைப் பாடம், அது சந்தேகமில்லாத உண்மை. ஆனால் அதை நடக்கும்போது பார்த்தவர்கள் எத்தனை பேர்? எங்கள் வீட்டுக்கு எதிர்ப்புற வேம்பில் காக்கை கூடு கட்டிய மூன்று வருஷமும் சித்திரையில் உட்கார்ந்து பார்த்தேன். ஆண் குயில் கூட்டுக்கு நேர் எதிரே வந்து கூவும், காக்கை இரண்டும் ஆத்திரத்தோடு துரத்திக்கொண்டு போகும். அந்த நேரத்தில் பெண் கூட்டுக்குள் இறங்கியதை இரண்டு தடவை பார்த்தேன், அவ்வளவுதான். ஆண் வேண்டுமென்றே காக்கையை இழுத்துப் போகிறது என்று கதை சொல்லலாம், நன்றாகவும் இருக்கும். நான் பார்த்தது இரண்டும் அடுத்தடுத்து நடந்ததை மட்டும். திட்டம் போட்டதா என்பது என் கண்ணுக்கு எட்டாத விஷயம். நோட்டில் "ஏமாற்றியது" என்று எழுதியதை அடித்துவிட்டு "போனது, வந்தது" என்று எழுதினேன். இந்தப் பழக்கத்தை ஆரம்பத்திலேயே பிடித்துக்கொள்ளுங்கள்: பார்த்தது ஒரு பக்கம், நினைத்தது எதிர்ப்பக்கம்.

தூரம் போக முடியவில்லை என்கிறீர்கள். தூரம் உங்களைத் தேடி வருவதையும் சொல்லிவிடுகிறேன். ஐப்பசியில் உங்கள் தெருக்கோடிச் சீமைக்கருவேலப் புதரில் "டெக்... டெக்" என்று நாக்கைச் சொடுக்குகிற மாதிரி ஒரு சத்தம் வரும். ஆள் சுலபத்தில் கண்ணில் படாது. பட்டாலும் ஏமாற்றம்தான், மண் நிறத்தில் ஒன்றுமே விசேஷமில்லாத குருவி. பிளித் நாணல் கதிர்க்குருவி என்று பெயர். அது குஞ்சு பொரித்த இடம் ரஷ்யாவாகவோ நடு ஆசியாவாகவோ இருக்கும். எடை பத்துப் பன்னிரண்டு கிராம், அதாவது பத்து ரூபாய் நாணயம் ஒன்றரை. பாஸ்போர்ட்டும் லீவும் இல்லாமல் வந்து, சித்திரை வரை அந்தக் குப்பைமேட்டுப் புதரைக் காணி போட்டுக் காவல் காக்கும். புரட்டாசி, ஐப்பசியில் இன்னொரு விருந்தாளி: ஆறுமணிக்குருவி. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டுத் தெற்கே வரும். பச்சை, நீலம், சிவப்பு, மஞ்சள் எல்லாம் ஒரே உடம்பில். ராத்திரிப் பயணத்தில் களைத்து ஊருக்குள் விழுந்து, குளியலறையிலும் மாடிப்படியிலும் கண்டெடுக்கப்படுவது இந்தப் பறவைதான். கிடைத்தால் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். காற்றுத்துளை போட்ட அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்து, தெளிந்ததும் மரமுள்ள அமைதியான இடத்தில் விட்டுவிடுங்கள். அடிபட்டிருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரத்துக்குக் கண்மாய். மதுரையைச் சுற்றி எந்தத் திசையில் அரைமணி போனாலும் ஒரு கண்மாய் வரும். பேர்பெற்றதைத் தேடாதீர்கள், பஸ் நிறுத்தத்திலிருந்து நடந்து போக முடிகிறதைத் தேர்ந்தெடுங்கள். ஏன் ஒரே கண்மாய் என்று சொல்கிறேன் என்றால், கண்மாய் ஒரு இடம் இல்லை, மாதத்துக்கு ஒரு இடம். எங்கள் பக்கம் புரட்டாசி வாக்கில் பெரியாற்று வாய்க்காலில் தண்ணீர் விடுவார்கள், பிறகு வடகிழக்குப் பருவமழை. கலுங்கு தொடும் அளவு நிரம்பியிருக்கும் கார்த்திகையில் கண்மாய் வெறிச்சென்றுதான் தெரியும்; நடுத்தண்ணீரில் முக்குளிப்பான்கள், ஓரத்தில் நாமக்கோழி, அவ்வளவுதான். நம் ஆட்கள் அப்போது வந்து பார்த்துவிட்டு "ஒன்றுமே இல்லை" என்று போய்விடுகிறார்கள். மார்கழி, தையில் வாத்துகள்: நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, தட்டைவாயன். மாசியில் மடை திறந்து திறந்து தண்ணீர் இறங்கும்போதுதான் திருவிழா. மீன் எல்லாம் சின்னப் பரப்பில் சேர்ந்துவிடும், கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் கரண்டிவாயனும் நத்தைகுத்தியும் வந்து இறங்கும். ஒரே தண்ணீரில் ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை. கரண்டிவாயன் அலகை இரண்டு பக்கமும் அரிவாள் வீசுகிற மாதிரி வீசும். மஞ்சள்மூக்கு நாரை அலகைத் திறந்து தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு, காலால் சேற்றைக் கலக்கி, தட்டுப்பட்ட நொடியில் மூடும். வெண்கொக்கு சும்மா நிற்கும், அந்தச் சும்மாவிலேயே எல்லாம் இருக்கும். பங்குனியில் தண்ணீர் இன்னும் வற்றிச் சேறு தெரிந்ததும் உள்ளான்கள். பொறி உள்ளானும் நெடுங்கால் உள்ளானும் அலகால் கொத்திக் கொத்திச் சேற்றைத் தையல் போடும்.

சித்திரை, வைகாசியில் மீன்பிடித் திருவிழா. கரையில் நின்று துண்டை வீசியதும் நாலு ஊர் ஜனம் ஊத்தா என்ற மீன்பிடிக் கூடையும் வலையுமாக இறங்கும், ஒரு மணி நேரத்தில் கண்மாய் கலங்கிக் காலி. அன்றோடு பறவையும் போச்சு என்று நினைத்துக் கிளம்பிவிடுவேன், முதல் பத்து வருஷம். பிறகு ஒரு வருஷம் சும்மா உட்கார்ந்திருந்தபோது வெடித்துக் கிடந்த கண்மாய்த் தரையில் ஒரு ஆள்காட்டிக் குருவி நடந்து வந்து கல்லுக்கு நடுவில் உட்கார்ந்தது. கூடு என்று ஒன்று இல்லை. தரையில் நாலு முட்டை, கல்லுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. வெயில் ஏறியதும் எழுந்து மிச்சமிருந்த குட்டைக்குப் போய் வயிற்றுச் சிறகை நனைத்துக்கொண்டு வந்து ஈரத்தோடு முட்டைமேல் உட்கார்ந்தது. ஆட்டுக்காரர் பக்கத்தில் வந்தால் பெயருக்கேற்ப ஊரைக் கூட்டியது. ஆள்காட்டி மேட்டில் முட்டையிட்டால் அந்த வருஷம் மழை அதிகம் என்று அவர் சொன்னார். எழுதிவைத்தேன், சில வருஷம் பலித்தது, சில வருஷம் பலிக்கவில்லை. நம்புவதற்கு எனக்கு ஆதாரம் போதவில்லை. வயிறு நனைத்ததை மட்டும் சத்தியம் செய்து சொல்வேன். "ஒன்றுமில்லாத" மாதத்தில் பார்த்தது அது.

பக்கத்தில் இருப்பதை உட்கார்ந்து பார்த்ததால் பெரிய விஷயம் தெரியவந்ததற்கு நல்ல உதாரணம் பறவையியலாளர் சாலிம் அலி. ஜெர்மனியில் படித்துவிட்டு 1930இல் திரும்பியபோது, பம்பாய் அருங்காட்சியகத்தில் அவர் பார்த்துவந்த வேலை பணமில்லை என்று நீக்கப்பட்டிருந்தது. கிஹிம் என்ற கடற்கரைக் கிராமத்துக்குக் குடிபோனார். அங்கே தூக்கணாங்குருவிக் கூடுகள். வேலை இல்லாத மனுஷன் அதைத் தினமும் பார்த்தார். ஆண் பாதிக் கூடு கட்டி நிறுத்தும், பெண் வந்து உள்ளே புகுந்து சோதிக்கும், பிடித்தால் குடியேறும், பிறகுதான் ஆண் மீதியை முடித்துவிட்டு அடுத்த கூட்டைக் கட்டி அடுத்த பெண்ணை அழைக்கும் என்பது அப்படித்தான் வெளியே வந்தது. உங்களுக்கு அக்கா வரும் ஞாயிறு மட்டும்தான் என்பது தெரியும். ஆனால் நெல் பச்சை கட்டும் காலத்தில் கிணற்றோர ஈச்சையிலோ பனையிலோ தொங்கும் கூடுகளுக்கு முன்னால் ஒரு மணி நேரம் நின்றால், பெண் குருவி வேண்டாமென்று போன பாதிக் கூடுகள் எத்தனை என்று எண்ண முடியும். நான் எண்ணியதில் ஆணுக்குப் பெரும்பாலும் தோல்விதான்.

அரிட்டாபட்டியைச் சொன்னேன் இல்லையா, அது உங்களுக்கு ஒரே காலையில் போய்வரக்கூடிய தூரம், சுமார் 25 கிலோமீட்டர். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். குடைவரைக் கோயிலும் சமணர் படுக்கையும் உள்ள அதே பாறைக்குன்றுகளில் லக்கர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு என்ற வேட்டைப்பறவைகள் இருக்கின்றன. அங்கே போய் ஒரே பாறையை இரண்டு மணி நேரம் பாருங்கள், சுற்றி வராதீர்கள். மலை உச்சிக்கு ஏறிக் கூட்டுக்குப் பக்கத்தில் போகவே போகாதீர்கள். தாய் எழுந்தால் முட்டை வெயிலில் வெந்துவிடும்.

பறவையே வேண்டாம் என்கிற நாளும் வரும். அப்போது எருக்கஞ்செடி. இலைக்கு அடியில் கறுப்பும் மஞ்சளும் வெள்ளையுமாக வளையம் போட்ட புழு இருந்தால் அது வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சியின் பிள்ளை. எருக்கம்பாலின் விஷத்தை உடம்பில் சேர்த்துக்கொள்வதால், ஒருமுறை கடித்துப் பார்த்த பறவை மறுமுறை வராது. கறிவேப்பிலைத் தொட்டியிலும் எலுமிச்சையிலும் புழு அரித்தால் மருந்தடிக்காமல் இரண்டு வாரம் விட்டுவையுங்கள், கூட்டுப்புழுவாவதை வீட்டுக்குள்ளேயே பார்க்கலாம். கீரி, உடும்பு எல்லாம் கண்மாய்க் கரையில் உண்டு; நீங்கள் சத்தமில்லாமல் உட்கார்ந்தால் அவையே வரும்.

கருவிகளைப் பற்றிக் கேட்டீர்கள். மூன்று மாதத்துக்கு எதுவும் வாங்காதீர்கள். அதற்கப்புறமும் ஆசை இருந்தால் 8×42 பைனாகுலர். எட்டு என்பது எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது, 42 முன்கண்ணாடியின் அகலம் மில்லிமீட்டரில். பத்து மடங்கு வாங்கினால் கை நடுக்கமும் பத்து மடங்கு ஆகும். ஐம்பது மடங்கு, நூறு மடங்கு ஜூம் என்று இணையத்தில் விற்பது குப்பை. காமிராவை முதல் வருஷம் தொடாதீர்கள் என்பது என் சொந்தப் பிடிவாதம். படம் கிடைத்ததும் நாம் பார்ப்பதை நிறுத்திவிடுகிறோம். மொட்டைமாடியில் பைனாகுலரை அடுத்த வீட்டு ஜன்னல் பக்கம் திருப்பாதீர்கள், நான் ஒருமுறை வாங்கிக் கட்டிக்கொண்டேன். கண்மாய்க் கரையில் "என்ன சார், நிலம் அளக்குறீங்களா?" என்று கேட்பார்கள். கண்ணாடியை அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள், அடுத்த வாரம் அவர்களே சேதி சொல்வார்கள்.

போனில் மெர்லின் என்ற இலவசச் செயலி இருக்கிறது, அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகத்தினுடையது. சத்தத்தைக் கேட்டுப் பெயர் சொல்லும். என் காதுக்கு அது வரப்பிரசாதம், ஆனால் அது சொல்வதைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளுங்கள், தீர்ப்பாக எடுக்காதீர்கள். கரிச்சான் என்ற இரட்டைவால் குருவி, வைரி என்ற சின்ன வேட்டைப்பறவை மாதிரிக் கத்தி மைனாக்களை விரட்டிவிட்டு அவை போட்டுவிட்டுப் போன இரையை எடுக்கும். செயலி "வைரி" என்று காட்டும், கம்பியில் கரிச்சான் உட்கார்ந்திருக்கும். கண்ணால் பார்த்த பிறகு நோட்டில் எழுதுங்கள். அதே ஆய்வகத்தின் இ-பேர்ட் என்ற இணையத் தளத்தில் உங்கள் குறிப்புகளை ஏற்றலாம். பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்க ஒரு கணக்கெடுப்பு, பிப்ரவரியில் நாலு நாள் உலகக் கணக்கெடுப்பு. பதினைந்து நிமிடம் ஒரே இடத்தில் நின்று எண்ணினால் போதும், மாடியிலிருந்தே செய்யலாம். காக்கையையும் எண்ணுங்கள். எல்லோரும் அரிதானதை மட்டும் எழுதியதால்தான் சாதாரணப் பறவைகளின் பழைய கணக்கு நம்மிடம் இல்லாமல் போனது.

சிட்டுக்குருவி செல்போன் கோபுரத்தால் அழிந்துவிட்டதே, இனி பார்க்க என்ன இருக்கிறது என்று ஒருவர் உங்கள் கேள்விக்குக் கீழே எழுதியிருக்கிறார். அது நிரூபிக்கப்பட்ட விஷயம் இல்லை. 2020இல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, பெருநகரங்களில் சிட்டுக்குருவி குறைந்திருக்கிறது, நாடு முழுக்கப் பார்த்தால் ஏறக்குறைய நிலையாக இருக்கிறது என்றது. 2023 அறிக்கை 942 வகைகளை மதிப்பிட்டது. அதற்கு ஆதாரம் 30,000 பேருக்கு மேல் அனுப்பிய 3 கோடிப் பதிவுகள், பெரும்பாலும் உங்களைப் போல, என்னைப் போலச் சம்பளமில்லாமல் எண்ணியவர்கள். ஊரில் ஓட்டு வீடு போய்க் கான்கிரீட் வந்ததும் கூடு வைக்கப் பொந்து இல்லாமல் போனது எனக்குக் கண்கூடு. ஆனால் என் ஒரு கண்மாயை வைத்து நான் நாட்டுக்குத் தீர்ப்பு சொல்ல முடியாது. 2000களின் தொடக்கத்தில் எண்ணி மாளாமல் வந்த ஊசிவால் வாத்து இப்போது சில வருஷம் ஒன்றுகூட வருவதில்லை. கண்மாய்க்குள் இருந்த நாட்டுக்கருவேல மரங்களை ஏலம் விட்டு வெட்டியதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அந்த வாத்து மரத்தில் அடையாது. கொக்கும் நாரையும் கூடு வைப்பது நின்றதற்கு மட்டும் அந்த வெட்டைக் காரணம் சொல்வேன். வாத்து வராததற்கு இங்கே காரணம் இருக்கலாம், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வடக்கேயும் இருக்கலாம். வராததைக் கவனிக்கக் கிடைப்பது உள்ளூர்க்காரனுக்கு மட்டும்தான். இரண்டு நாள் வந்துபோகிறவருக்கு எது வரவில்லை என்று எப்படித் தெரியும்?

கைவிடும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன். மலைக்காட்டு இருவாச்சி மதுரைக்கு வராது. யானையை மொட்டைமாடியிலிருந்து பார்க்க முடியாது. மழைக்காட்டில் நிற்கும்போது உடம்பில் ஏறும் ஈரத்துக்கு இங்கே ஈடு கிடையாது. வாய்ப்பு வரும் நாளில் கட்டாயம் போங்கள், இங்கே பழகிய கண்ணோடு போனால் அங்கே கூடுதலாகத் தெரியும். இன்னொன்று, இரண்டாவது மூன்றாவது மாதத்தில் சலிப்பு வரும். பெயர்கள் எல்லாம் தெரிந்துவிட்ட மாதிரி இருக்கும், புதிதாக எதுவும் வராது. பெரும்பாலானவர்கள் அங்கேதான் விடுகிறார்கள். எனக்கு அது வந்தபோது செய்தது இதுதான்: ஒரு மாதம் பெயரே எழுதாமல் ஒரே ஒரு மைனா ஜோடி என்ன செய்தது என்று மட்டும் எழுதினேன். எல்லோருக்கும் இது பலிக்குமா என்றால் தெரியாது. நான் சேர்த்துவிட்ட ஐந்து பேரில் மூன்று பேர் தொடர்கிறார்கள்.

உங்கள் பதிவின் கடைசி வரியில், அப்பா திருமங்கலம் பக்கம் விவசாயம் பார்த்தவர், இப்போது பேச்சு தெளிவில்லை என்று போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட முடியுமா பாருங்கள். வெளியே நிழலில் ஒரு மண்சட்டியில் தண்ணீர் வையுங்கள், தினமும் கழுவி மாற்றுங்கள். மிக்சர், பிஸ்கட் எல்லாம் வேண்டாம். நான் கரிச்சான் என்பதை அவர் வலியன் என்பார், நான் தவிட்டுக்குருவி என்பதற்கு அவர் ஊரில் வேறு பெயர் இருக்கும். நீங்கள் ஒவ்வொரு பெயராகச் சொல்லிக் கேளுங்கள், அவர் தலையசைக்கட்டும். நோட்டில் அவருக்கென்று ஒரு பத்தி ஒதுக்குங்கள். விடியுமுன் முதலில் குரல் கொடுத்தது கரிச்சானா, காக்கையா, செம்போத்தா என்ற கணக்கு அதில் வரட்டும். நாலரை மணிக்கு விழித்துக் கிடப்பவர் உங்கள் வீட்டில் அவர் ஒருவர்தானே.